தெரிந்தவர் ஏன் சும்மா இருந்தார்?

ஜூன் 3 (ஒரு வாசகர் கேட்டது)

கடவுளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்கிறோம். அவருக்குத் தெரிந்தது தப்பாகாது என்றும் சொல்கிறோம். அப்படியென்றால் நாளைக்கு நான் ஒருவரை ஏமாற்றப் போகிறேன் என்பது இன்றே முடிவான விஷயம். முடிவானதைத்தான் செய்தேன் என்றால் பழி எனக்கு ஏன்? ஏமாந்தவர் பட்ட வேதனைக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது யார்? யாராவது பதில் சொல்லுங்கள். 'எல்லாம் அவன் செயல்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஜூன் 4, இரவு 10.50

இதில் அவிழ்க்க முடியாத முடிச்சு ஒன்றும் இல்லை. தெரிந்திருப்பது வேறு, செய்ய வைப்பது வேறு. நேற்று மழை பெய்தது எனக்கு நினைவிருக்கிறது. என் நினைவா மழையைப் பெய்ய வைத்தது? கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார். நடந்ததை நம் நினைவு கட்டாயப்படுத்துவதில்லை, அதே போல நடக்கப்போவதைக் கடவுளின் முன்னறிவும் கட்டாயப்படுத்துவதில்லை. நீங்கள் ஏமாற்றப் போகிறீர்கள், அதனால் அவருக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரிவதால் நீங்கள் ஏமாற்றவில்லை.

உங்கள் கேள்வியில் ஆட்டம் காட்டுவது 'தப்பாகாது' என்ற ஒரு சொல். 'கடவுள் ஒன்றை அறிந்திருந்தால் அது கண்டிப்பாக நடக்கும்.' சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் 'கண்டிப்பாக' ஒட்டியிருப்பது அறிவுக்கும் நடப்புக்கும் இடையில் உள்ள தொடர்பில். அதை அங்கிருந்து மெல்லப் பிய்த்துச் செயலின் தலையில் ஒட்டி, 'நான் கண்டிப்பாக ஏமாற்றியே தீர வேண்டும்' என்று வாசிக்கிறீர்கள். ஒருவர் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தால் அவர் கண்டிப்பாக உட்கார்ந்துதான் இருக்கிறார். அதனால் அவருக்கு எழுந்திருக்கவே முடியாது என்று ஆகிவிடுமா?

விஷயம் முடிந்தது. தூங்கப் போகிறேன்.

ஜூன் 5, காலை 6.20

இன்று அலாரத்தை மூன்று முறை அணைத்தேன். மூன்று என்பது அவருக்கு முன்பே தெரியும். நான்காவது முறை அணைக்காமல் எழுந்தேனே, அதற்குப் பாராட்டு எனக்கா, அவருக்கா?

ஜூன் 6, இரவு 11.15

முந்தாநாள் 'முடிந்தது' என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். கேள்வி கேட்ட தம்பி எனக்குத் தனியாக எழுதியிருந்தார்: "அக்கா, உங்கள் நினைவு மழைக்குப் பின்னால் வந்தது. அவர் அறிவு மழைக்கு முன்னால் இருக்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?" பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

இதைக் கூர்மையாகப் பிடித்தவர் நெல்சன் பைக் என்ற தத்துவப் பேராசிரியர். 1965-ல் அவர் எழுதிய கட்டுரையில் ஜோன்ஸ் என்று ஒருவர் வருகிறார். ஒரு சனிக்கிழமை மதியம் தன் வீட்டுப் புல்லை வெட்டுகிறார், அவ்வளவுதான் கதை. ஆனால் அவர் வெட்டுவார் என்று 80 ஆண்டுகளுக்கு முன்பே கடவுள் எண்ணிவிட்டார். அன்று ஜோன்ஸுக்கு வெட்டாமல் இருக்கவும் முடிந்திருக்கும் என்றால் என்ன பொருள்? கடவுளின் எண்ணத்தைப் பொய்யாக்க அவருக்கு முடியும். இல்லாவிட்டால் 80 ஆண்டுக்கு முன் கடவுள் எண்ணியதை எண்ணவில்லை என்று ஆக்க முடியும். அதுவும் இல்லை என்றால், அன்று கடவுளே இல்லை என்று ஆக்க முடியும். புல் வெட்டுகிற மனிதரிடம் இதில் எந்தச் சக்தியைத் தேடுவது?

கவனியுங்கள், இங்கே அறிவு எதையும் செய்ய வைக்கிறது என்று பைக் சொல்லவே இல்லை. கடந்த காலத்தைத் தொட முடியாது என்பது மட்டும்தான் அவர் ஆயுதம். அதனால் 'காரணம் அல்ல, காரணம் அல்ல' என்று நான் ஜூன் 4-ல் முழங்கியது அவர் மேல் படவே இல்லை.

தப்பிக்க ஒரு பழைய வழி உண்டு. போயத்தியஸ் என்ற ரோமானியத் தத்துவ அறிஞர் 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தபோது எழுதியது. கடவுளுக்கு 'முன்' என்பதே கிடையாது, அவர் காலத்துக்குள் இல்லை, எல்லாக் காலமும் அவருக்கு இப்போதுதான். அவரிடம் இருப்பது முன்னறிவு இல்லை, வெறும் பார்வை. பிற்காலத்தில் அக்குவினாஸ் என்ற கிறிஸ்தவ இறையியலாளர் இதற்கு ஓர் உவமை கொடுத்தார்: வழியில் நடப்பவனுக்குப் பின்னால் வருகிறவர்களைத் தெரியாது, உயரத்தில் நிற்பவனுக்கு மொத்த வரிசையும் ஒரே நேரத்தில் தெரியும்.

பல வருஷம் இதுதான் எனக்குப் பிடித்த பதில். இப்போது இரண்டு இடத்தில் உறுத்துகிறது. உயரத்தில் நின்று பார்ப்பவர் நடப்பதைத்தான் பார்க்கிறார். ஒருவன் குழியில் விழுவதை அவர் பார்க்கிறார் என்றால் விழுந்தாகிவிட்டது, அந்தப் பார்வையை வைத்து அவனைத் தடுக்க முடியாது. தடுத்தால் அப்புறம் அவர் பார்த்தது எது? ஆக, காலத்துக்கு வெளியே நிற்கும் அறிவு முழுமையான அறிவுதான், எடுத்துப் புழங்கத்தான் முடியாது. இன்னொன்று, அவர் வாய் திறந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. சேவல் கூவும் முன் மூன்று முறை என்னை மறுதலிப்பாய் என்று தன் சீடர் பேதுருவிடம் இயேசு சொன்னது காலத்துக்கு வெளியே இல்லை, அன்று இரவு, இந்தப் பூமியில், காதில் விழும்படி. சொன்ன சொல் கடந்த காலம் ஆகிவிட்டது. பைக்கின் கிடுக்கி மறுபடி இறுகுகிறது.

ஜூன் 7, மதியம்

என் அக்கா மகனுக்கு ஏழு வயது. "நான் வலது கையைத் தூக்குவேனா, இடது கையைத் தூக்குவேனா, சொல்லுங்க சித்தி" என்பான். வலது என்றால் இடதைத் தூக்குவான். இடது என்றால் வலதை. நான் ஜெயிக்க ஒரே வழி, காகிதத்தில் எழுதி மடித்து வைத்துக்கொள்வது. பத்தில் ஆறு ஏழு முறை சரியாக வரும். காகிதத்தைப் பிரித்துக் காட்டினால் அவனுக்கு ஒரே கோபம். "நீங்க எழுதினதாலதான் நான் அதைத் தூக்கினேன்" என்று கத்துவான்.

பைக் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். பேதுருவுக்கு மட்டும் காகிதத்தை முன்பே காட்டிவிட்டார்கள், அப்படியும் அவரால் கையை மாற்ற முடியவில்லை.

ஜூன் 7, இரவு

"இதெல்லாம் எதற்கு, ஊழ் என்று ஒரே சொல்லில் நம்மவர்கள் முடித்துவிட்டார்களே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஊழ் வேறு, முன்னறிவு வேறு. ஊழ் நடக்க யாரும் அதை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆற்று வெள்ளத்தில் தெப்பம் போகிறது, ஆறு எதையும் யோசிக்கவில்லை. புறநானூறு 192-ல் 'யாதும் ஊரே' என்ற முதல் அடியை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அதே பாட்டில் உயிர் நீர்வழிப்படும் புணைபோல் போகிறது என்று வருவதை அநேகமாக யாரும் சொல்வதில்லை. அந்தப் பாட்டு அந்தப் புணையை வைத்து எங்கே போகிறது பாருங்கள்: அதனால் பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழவும் மாட்டோம் என்கிறது. பழி யாருக்கு என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

இரண்டு பாட்டு தள்ளி, 194-ல், ஒரு வீட்டில் சாவுப் பறை, ஒரு வீட்டில் மண முழவு. அதைக் கேட்ட புலவர் படைத்தவனைப் 'பண்பிலாளன்' என்று வைதுவிடுகிறார். திட்ட வேண்டும் என்றால் எதிரே ஓர் ஆள் வேண்டும். ஊழைத் திட்டி என்ன பயன்? அதனால்தான் படைத்தவன் வந்து நிற்கிறான். பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர் வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று குறள் (1062) சபிப்பதும் இதே கோபம்.

குறளைப் பற்றிச் சொல்லும்போது: ஊழை விட வலியது எது, அதற்கு மாற்றாக எதைச் சூழ்ந்தாலும் அது முந்திக்கொள்ளும் என்பதும் (380), ஊழையும் புறமுதுகு காட்ட வைப்பார்கள் என்பதும் (620) பொருட்பாலிலேயே அடுத்தடுத்து வருகின்றன. இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு குறளோடு வருவது அதனால்தான்.

ஜூன் 8, காலை

தவறு, மன்னிக்கவும். ஊழ் அதிகாரம் அறத்துப்பாலின் கடைசி அதிகாரம். 620 உள்ள ஆள்வினையுடைமை அதிகாரம்தான் பொருட்பாலில் வருகிறது. நடுவில் 23 அதிகாரம் இருக்கிறது. மூன்று பேர் திருத்தியிருக்கிறார்கள், ஒருவர் கொஞ்சம் சந்தோஷமாகவே. ஆனால் திருத்திய பிறகு விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. அறம் எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் 'ஆனாலும் ஊழ் உண்டு' என்கிறார். அரசும் பொருளும் பேசும் இடத்தில் 'முயன்றால் கூலி உண்டு' என்கிறார். நல்லவனாக இருந்தால் நல்லதே நடக்கும் என்று நம்பி ஏமாறாதே, அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டும் உட்காராதே என்று நான் படித்துக்கொள்கிறேன். இது என் வாசிப்பு, உரையாசிரியர்கள் தலையில் கட்டவில்லை.

ஜூன் 8, இரவு

மூளை ஆராய்ச்சியை இழுத்து வந்தவருக்கு: லிபெட் என்ற மூளை ஆய்வாளர் 1983-ல் செய்தது, மணிக்கட்டை எப்போது வேண்டுமானாலும் அசை என்று சொல்லி, அசைக்க நினைத்த கணத்துக்கு முன்பே மூளையில் மின்னோட்டம் தொடங்குவதைக் காட்டியது. முந்துவது விநாடியின் ஒரு பகுதி. மணிக்கட்டை அசைப்பதில் என்ன நல்லது, என்ன கெட்டது? ஒருவரை ஏமாற்ற மூன்று மாதம் திட்டம் போடுகிறவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். இதை இங்கே விட்டுவிடலாம்.

ஜூன் 10, இரவு 9.30

நான் சி.டி. ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன், பதினேழு வருஷமாக. இங்கே இதைச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். ஆனால் முன்னறிவு, முன்னறிவு என்று ஒரு வாரமாக எழுதிக்கொண்டு, அது என் வேலையில் தினமும் நடப்பதை மறைப்பது சரியாகப் படவில்லை.

சில நாள் முன்பு ஒருவர் வந்தார். வயிற்றில் வலி, உடம்பு இளைத்திருந்தது. மேசையில் படுக்க வைத்து, கைகளைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி, கையில் ஏற்றியிருந்த வென்ஃப்ளான் ஊசியில் குழாயை மாட்டினேன். "மருந்து போகும்போது உடம்பெல்லாம் சூடாகும், ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும், பயப்படாதீங்க, போயிருக்காது" என்று எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன். சிரித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். மூச்சை இழுங்க, பிடிங்க என்று பதிவு செய்த குரல் சொன்னது. மேசை உள்ளே போய் வெளியே வந்தது. படங்கள் திரையில் ஒவ்வொன்றாக இறங்கின. கல்லீரல் சாம்பல் நிறத்தில் சீராக இருக்க வேண்டும். அதில் கறுத்த வட்டங்கள், ஒன்று இரண்டு அல்ல, ஏழெட்டு. ரிப்போர்ட் எழுதுவது என் வேலை இல்லை, எழுதவும் கூடாது. ஆனால் பதினேழு வருஷம் பார்த்த கண்ணுக்குத் தெரியாமல் போகுமா?

எழுந்து சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "எல்லாம் சரியா இருக்காம்மா?"

"டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாங்க."

இந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ. குரல் ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. நல்ல படத்துக்கும் கெட்ட படத்துக்கும் ஒரே சுருதியில் சொல்லப் பழக வேண்டும். அதுதான் இந்த வேலையில் கடைசியாகக் கைவருவது. வெளியே அவர் மகள் நின்றிருந்தாள். "முடிஞ்சுது, ஒண்ணுமே வலிக்கல" என்றார். பித்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார் போலிருக்கிறது. மகள் அதைக் கழற்றி மேலிருந்து ஒவ்வொன்றாகச் சரியாகப் போட்டுவிட்டாள். கதவு தானாக மூடிக்கொண்டது.

என் அறிவு அவர் வியாதிக்குக் காரணம் இல்லை, அகஸ்டின் சரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்ததும் மூச்சைப் பிடித்ததும் அவராகச் செய்தது, அதையும் நான் கெடுக்கவில்லை. ஆனாலும் அந்த மகள் திரும்பி வந்து "உங்களுக்குத் தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? நான் இந்த உடம்பைச் செய்யவில்லை, இதை எடுத்துப் போட என்னால் ஆகாது என்பேன். அது நியாயமான பதில்.

கடவுளுக்கு இந்த இரண்டு பதிலும் கிடையாது. தம்பி கேட்ட கேள்வியை நாம் எல்லோரும் 'என் கை கட்டப்பட்டிருக்கிறதா' என்று படித்தோம். அதை விட்டுவிடுங்கள். கடவுள் கையைக் கட்டியது யார்?

ஜூன் 11, இரவு

"நீங்கள் அவரைப் படைக்கவில்லை, அதனால் உவமை பொருந்தாது" என்று ஒருவர். ஐயா, நான் எழுதியதே அதுதான்.

சரி, படைப்பவரின் முன்னறிவு என்று எடுத்துக்கொண்டால், மொலினா என்ற இயேசு சபைத் துறவியிடம் போக வேண்டும். 1588-ல் அவர் வெளியிட்ட நூலின் யோசனை இது: எவர் எந்தச் சூழ்நிலையில் வைக்கப்பட்டால் தானாக விரும்பி என்ன செய்வார் என்பது படைப்பதற்கு முன்பே கடவுளுக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தான் எந்த உலகத்தைப் படைப்பது என்று தேர்ந்தெடுத்தார். நம் விருப்பமும் பிழைத்தது, அவர் திட்டமும் பிழைத்தது. இன்னொரு கத்தோலிக்கத் துறவற சபையான டொமினிக்கன் சபையினர் கொதித்துப் போனார்கள். ரோமில் ஆண்டுக் கணக்கில் விசாரணை நடந்தது. 1607-ல் போப் ஐந்தாம் பவுல் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் மதத் துரோகி என்று சொல்லக் கூடாது, தீர்ப்பு உரிய காலத்தில் வரும் என்று அறிவித்தார். இன்னும் வரவில்லை. முற்றறிவைப் பற்றிய வழக்குக்கு இதை விடப் பொருத்தமான முடிவு கிடைக்காது.

மொலினாவின் புத்திசாலித்தனம் எனக்குப் பிடிக்கும். ஆனால் துன்பத்தின் பக்கம் திரும்பினால் அவருடைய கடவுள்தான் ரொம்பச் சிக்கலில் இருக்கிறார். போயத்தியஸின் கடவுள் பார்க்கிறார், அவ்வளவுதான். மொலினாவின் கடவுள் எல்லாப் படங்களையும் முன்பே போட்டுப் பார்த்து, இந்தக் கல்லீரல் இருக்கிற உலகத்தைக் கையால் எடுத்திருக்கிறார்.

இதையே வேறு வழியில் பிடித்த பழைய கதை ஒன்று இஸ்லாமிய மரபில் உண்டு. அல்அஷ்அரி என்ற இறையியலாளர் தன் ஆசிரியர் அல்ஜுப்பாயியிடம் கேட்டதாகச் சொல்வார்கள். மூன்று சகோதரர்கள். ஒருவர் நல்லவராக வாழ்ந்து இறந்தார், ஒருவர் கெட்டவராக, ஒருவர் குழந்தையிலேயே. நல்லவருக்குச் சொர்க்கத்தில் உயர்ந்த இடம். குழந்தை கேட்கிறது, எனக்கு ஏன் அந்த இடம் இல்லை? அவர் நல்லது செய்து சம்பாதித்தார் என்று பதில். என்னையும் வாழ விட்டிருந்தால் நானும் செய்திருப்பேனே? நீ வளர்ந்தால் பாவியாகி நரகத்துக்குப் போவாய் என்று எனக்குத் தெரியும், உன் நன்மைக்குத்தான் சீக்கிரம் எடுத்துக்கொண்டேன் என்கிறார் இறைவன். அப்போது நரகத்திலிருந்து இரண்டாமவர் குரல் கொடுக்கிறார்: அது என்னைப் பற்றியும் தெரியுமே, என்னை மட்டும் ஏன் குழந்தையிலேயே எடுக்கவில்லை?

ஆசிரியரிடம் பதில் இல்லை என்று கதை முடிகிறது. கடவுள் ஒவ்வொருவருக்கும் நல்லதையே செய்யக் கடமைப்பட்டவர் என்ற கொள்கையை அஷ்அரி கைவிட்டார். அப்புறம் அவர் போய் நின்ற இடம், இறைவன் செய்வதே நியாயம், நம் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வராதே என்பது. அந்த இடத்துக்கு என்னால் போக முடியவில்லை. ஆனால் அந்த நரகத்துக் குரலுக்குப் பதிலைத் தேடி ஓய்ந்தவர்தான் அங்கே போயிருப்பார் என்பது புரிகிறது.

ஜூன் 12

தன்விருப்பம்தான் துன்பத்துக்கு விடை என்று சொல்பவர்களுக்கு. மெக்கி என்ற தத்துவ அறிஞர் 1955-ல், எல்லாம் வல்ல நல்ல கடவுளும் தீமையும் சேர்ந்து இருக்க முடியாது என்று வாதிட்டார். பிளாண்டிங்கா என்ற கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் 1974-ல் அதை முறித்தார்: சுதந்திரமான மனிதர்கள் இருக்கும் உலகத்தில் ஒருவரும் தவறே செய்யாமல் பார்த்துக்கொள்வது கடவுளாலும் ஆகாமல் இருக்கக் கூடும். ஏமாற்றுக்காரனுக்கு இது சரியாக வரும். அந்தக் கல்லீரல் கட்டிக்கு? அதற்கும் பிளாண்டிங்கா ஒன்று வைத்திருக்கிறார், இயற்கைத் துன்பம் தீய ஆவிகளின் விருப்பத்தால் வரலாம் என்று. அவர் அப்படித்தான் என்று சொல்லவில்லை, அப்படி இருந்தாலும் முரண்பாடு இல்லை என்கிறார். தர்க்கத்துக்கு அது போதும். பித்தானைச் சரி செய்த பெண்ணிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள், தேவாலயங்கள் நிறைந்திருந்த காலை நேரத்தில் நிலம் நடுங்கியது. பிறகு கடல் ஏறி வந்தது. பிறகு நாள் கணக்கில் தீ. பூசையில் இருந்தவர்கள் மேல்தான் கூரை விழுந்தது. இருப்பதிலேயே சிறந்த உலகம் இதுதான் என்று ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் 1710-ல் எழுதியதை அதற்கு அப்புறம் யாராலும் நேராக முகம் வைத்துச் சொல்ல முடியவில்லை.

ஆனால் எனக்கு லிஸ்பனை விட அந்த மான்குட்டிதான். தத்துவப் பேராசிரியர் வில்லியம் ரோ 1979-ல் சொன்ன உதாரணம்: எங்கோ ஆளில்லாக் காட்டில் மின்னல் விழுந்து தீப்பிடிக்கிறது. ஒரு மான்குட்டி வெந்து, பல நாள் துடித்துக் கிடந்து சாகிறது. அதைப் பார்த்து யாரும் பாடம் கற்கவில்லை, யாருடைய மனமும் இளகவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

தெரிந்தவர் ஒருவர்தான்.

ஜூன் 14

கன்மக் கணக்கைச் சொல்லாமல் விட்டதற்கு நாலு பேர் கேட்டுவிட்டார்கள். வேதாந்தத்தின் மூல நூலான பிரம்ம சூத்திரம் இதை நேராகவே எடுக்கிறது (2.1.34): இறைவன் பாரபட்சம் உள்ளவனும் அல்ல, இரக்கமற்றவனும் அல்ல, உயிர்களின் வினையைப் பார்த்தே படைக்கிறான். முதல் வினைக்கு முன்? முதல் என்று ஒன்று இல்லை, அநாதி என்கிறது அடுத்த சூத்திரம். சைவ சித்தாந்தமும் உயிரும், உயிரைப் பற்றியிருக்கும் அழுக்கான மலமும் இறைவனைப் போலவே அநாதி என்கிறது. இது லேசான பதில் இல்லை. ஒன்றுமில்லாததிலிருந்து உலகைச் செய்த கடவுளிடம்தான் 'தெரிந்தே ஏன் செய்தாய்' என்று கேட்க முடியும். உயிரைச் செய்யாத கடவுள், ஏற்கனவே நோயோடு வந்தவனைப் பார்க்கும் மருத்துவர் மாதிரி. நான் மகளிடம் சொல்ல நினைத்த பதிலில் பாதி இவருக்குப் பொருந்தும்.

ஆனால் ஒரு முறை, எட்டு வயதுப் பெண் குழந்தைக்கு ஸ்கேன். வெளியே காத்திருந்த அம்மாவிடம் கூட வேலை செய்கிறவர் ஒருவர் ஆறுதலாகத்தான் சொன்னார், "போன ஜென்மத்துக் கணக்கும்மா, யார் என்ன செய்ய முடியும்" என்று. அந்த அம்மா குழந்தையைப் பார்த்தாள். அது என்ன பார்வை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. குழந்தை என்ன செய்திருக்கும் என்று யோசிக்கத் தொடங்கினாளோ என்னவோ. அன்றிலிருந்து இந்தப் பதிலை என்னால் புத்தகத்தில் மட்டும்தான் மதிக்க முடிகிறது.

ஜூன் 15, அதிகாலை 2.10

தூக்கம் வரவில்லை. ஜூன் 10-ல் நான் எழுதியதிலும் ஓட்டை இருக்கிறது.

எதிர்காலம் கடவுளுக்கும் தெரியாது என்று சொல்லும் கட்சி ஒன்று உண்டு. 14ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் கெர்சோனிடஸ் ஏறக்குறைய அப்படிச் சொன்னார். 1994-ல் ஐந்து கிறிஸ்தவ அறிஞர்கள் சேர்ந்து புத்தகமே போட்டார்கள். நாளைக்கு நான் சுதந்திரமாக என்ன செய்வேன் என்பது இன்னும் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, அறிவதற்கே அங்கே ஒன்றும் இல்லை, அதனால் அதை அறியாதது குறையும் இல்லை. பைக்கின் கிடுக்கி கழன்று விழுகிறது. இந்தக் கடவுளோடு ஒரு மேசையில் உட்காரலாம் போல எனக்கு ஓர் ஆசை வந்தது உண்மை.

ஆனால் அந்தக் கட்டி எதிர்காலத்தில் இல்லையே. திரையில் நான் பார்த்தது நாளைக்கு வரப்போவது இல்லை, அந்த நிமிஷம் அவர் உடம்பில் இருந்தது. அதை அறிய எந்த முன்னறிவும் வேண்டாம், இன்றைய அறிவு போதும். மான்குட்டியும் அப்படியே. கிடந்து துடித்த ஒவ்வொரு நாளும் அன்றன்றைக்கே தெரியும். ஆகவே நாம் பத்து நாளாக முன்னறிவைப் பிடித்து ஆட்டியதில், துன்பத்தைப் பொறுத்தவரை பெரும்பகுதி வீண். முன்னறிவு கனப்பது படைக்கலாமா வேண்டாமா என்ற அந்த ஒரே கணத்தில் மட்டும். அதற்குப் பிறகு, தெரிந்தும் சும்மா இருப்பது என்ற குற்றச்சாட்டுக்கு நிகழ்காலமே சாட்சி.

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டாக வெட்ட வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். ஏமாற்றினால் பழி உங்களுக்குத்தான். போயத்தியஸோ, மொலினாவோ, இந்த ஐவரோ, யாராவது ஒருவர் வழி அதற்குப் போதும். மூன்று மாதம் திட்டம் போட்டது நீங்கள், அதை 'முடிவான விஷயம்' என்று சொல்லித் தப்பிக்க விட மாட்டேன். ஆனால் ஏமாந்தவரின் வேதனைக்குக் கணக்கு என்ற இரண்டாவது பாதி அப்படியே இருக்கிறது. அதை உங்கள் தலையில் ஏற்றிவிட்டால் கடவுள் தப்பிவிடுவார் என்று நான் ஜூன் 4-ல் நினைத்தேன்.

ஜூன் 15, காலை

இரவு எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மாற்ற ஒன்றும் இல்லை. 'ஒரு மேசையில் உட்காரலாம்' மட்டும் கொஞ்சம் அதிகம். கடவுளை நம்புகிறீர்களா இல்லையா என்று கேட்டவருக்கு: குழந்தைகளை மேசையில் படுக்க வைக்கும்போது வேண்டிக்கொள்கிறேன். படம் வந்த பிறகு வேண்டிக்கொள்வதில்லை. இது நம்பிக்கையா என்று நீங்களே பெயர் வையுங்கள்.

நவம்பர் 22

இந்த இழையைத் திறந்து ஐந்து மாதம் ஆகிறது. நேற்று அவர் மறுபடி வந்தார், மருந்து ஏற்றிய பிறகு எடுக்கும் ஸ்கேனுக்கு. தலையில் முடி இல்லை. பித்தான் இல்லாத பனியன் சட்டை. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்தானே?"

டாக்டர் சொல்வார் என்று வாய்வரை வந்தது. "தெரியும்" என்றேன்.

"உங்க முகத்தைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் காட்டலை."

பாராட்டா, குறையா, பிடிபடவில்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் அவரே மேசையில் ஏறிப் படுத்து, நான் சொல்லாமலே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். "சூடா இருக்கும், பயப்படக் கூடாது, அதானே" என்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தேன்.

படத்தில் என்ன இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன். போகும்போது இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை.